சென்னை மாநகராட்சிச் செய்திகளும் ஒரு வாசகரின் கருத்துகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாளிதழின் நகரப் பக்கத்தைத் தவறாமல் படிப்பதும், படித்ததைக் குடியிருப்போர் நலச் சங்கக் கூட்டங்களில் பேசுவதும் என் நெடுநாள் வழக்கம். அதனால் அக்கம்பக்கத்தினர் சில கேள்விகளைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். அவற்றுக்கான பதில்களை இங்கே ஒன்றாக எழுதி வைக்கிறேன். தகவல்கள் பொதுவில் கிடைப்பவை; கருத்துகளுக்கு நானே பொறுப்பு.

நாட்டில் எவ்வளவோ பெரிய அரசியல் நடக்கும்போது, சாக்கடைச் செய்தியையும் தெருவிளக்குச் செய்தியையும் ஊன்றிப் படிக்க என்ன இருக்கிறது?

நம் ஒருவரின் குரலுக்கு அதிக எடை இருக்கும் அரசியல் இதுதான் என்பது என் எண்ணம். 2011-இல் சென்னையின் எல்லை 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தபோது வார்டுகள் 155-லிருந்து 200 ஆயின. ஒரு வார்டில் சராசரியாக முப்பதாயிரம் பேருக்கு மேல் வசிக்கிறார்கள். சட்டமன்றத் தொகுதியோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறிய வட்டம். நான்கைந்து தெருக்காரர்கள் சேர்ந்து ஒரே கோரிக்கையை விடாமல் வைத்தால் ஒரு கவுன்சிலரால் அதை அலட்சியம் செய்ய முடியாது.

ஆனால் இந்தச் செய்திகள் எழுதப்படும் விதத்தில் எனக்கு ஒரு நீண்டகால வருத்தம் உண்டு. ‘சாலையில் குளம்போல் தேங்கிய மழைநீர், வாகன ஓட்டிகள் அவதி’ என்று தலைப்பு இருக்கும். படம் இருக்கும், தெருவின் பெயர் இருக்கும், கடைசி வரியில் ‘சம்பந்தப்பட்ட அதிகாரிகள் உரிய நடவடிக்கை எடுக்க வேண்டும் என்பதே பொதுமக்களின் கோரிக்கை’ என்றும் இருக்கும். சம்பந்தப்பட்டவர் எந்தத் துறையின் எந்த அதிகாரி என்பது எழுதப்படுவதில்லை. அதைத் தெரிந்துகொள்ளாமல் உள்ளூர்ச் செய்தியைப் படிப்பதில் பயனில்லை. கீழே உள்ள பதில்களில் பெரும்பாலானவை இந்த ஒரு கேள்வியைச் சுற்றியே அமைந்திருக்கும்.

என் தெருவில் மழைநீர் தேங்கினால் யாரைக் கேட்பது?

தெருவோர மழைநீர் வடிகால் மாநகராட்சியுடையது. பாதாளச் சாக்கடையும் குடிநீர்க் குழாயும் சென்னைக் குடிநீர் வாரியத்துடையவை. அண்ணா சாலை மாநில நெடுஞ்சாலைத் துறையிடமும், ராஜீவ் காந்தி சாலை தமிழ்நாடு சாலை மேம்பாட்டு நிறுவனத்திடமும் உள்ளன. அடையாறு, கூவம், பக்கிங்காம் கால்வாய் ஆகியவை நீர்வளத் துறையின் பொறுப்பு. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் வனத் துறையின் காப்புக்காடு இருக்கிறது.

வேளச்சேரியை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே ஒரு குறுக்குத் தெருவில் பெய்யும் மழை, மாநகராட்சியின் வடிகாலில் இறங்கி, பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குப் போய், அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் சேர்ந்து, தெற்கே முட்டுக்காடு முகத்துவாரத்தில் கடலை அடைய வேண்டும். இந்த நெடும் பாதையில் எந்தத் துறையின் எல்லைக்குள் அடைப்பு இருந்தாலும், தண்ணீர் வந்து நிற்பது வேளச்சேரிக்காரரின் வாசலில்தான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது, கோடிக்கணக்கில் செலவிட்டு வடிகால் கட்டியிருக்கிறோம் என்று மாநகராட்சி சொன்னதும் உண்மை, நாள்கணக்கில் தண்ணீர் வடியவில்லை என்று மக்கள் சொன்னதும் உண்மை. கடல் மட்டம் உயர்ந்து முகத்துவாரங்கள் வெள்ளத்தை உள்வாங்காத நேரத்தில், தெரு வடிகால் எவ்வளவு அகலமாக இருந்தாலும் நீர் போகுமிடம் இல்லை.

2021 நவம்பர் வெள்ளத்துக்குப் பிறகு ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி திருப்புகழ் தலைமையில் அரசு ஒரு குழு அமைத்தது; 2023-இல் அந்தக் குழு தன் அறிக்கையை அளித்தது. அளிக்கப்பட்ட நாளிலேயே அந்த அறிக்கை முழுவதையும் தமிழில், வார்டு வாரியாக, மக்கள் முன் வைத்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. எந்தத் தெருவின் நீர் எந்தக் கால்வாய்க்குப் போகிறது என்பதை அந்தத் தெருவில் வீடு வாங்குபவர் அறிந்திருக்க வேண்டாமா?

நீங்களே செய்து பார்க்கக்கூடிய ஒரு சோதனை இருக்கிறது. மே மாதத்தில், வாரக்கணக்கில் ஒரு தூறலும் விழாத நாளில், உங்கள் தெருவோர வடிகால் மூடியின் துளைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே வறண்ட சிமெண்டுத் தரையும் கொஞ்சம் மணலும் மட்டும் இருந்தால் நல்லது. அதற்குப் பதிலாக முழங்கால் ஆழத்துக்குக் கறுப்பு நீரும், அதன்மேல் சோப்பு நுரையும், கொசுப் புழுக்களும் இருந்தால், யாரோ வீட்டுக் கழிவுநீரை மழைநீர் வடிகாலில் இணைத்திருக்கிறார்கள் என்று பொருள். அக்டோபரில் முதல் மழை பெய்யும்போது அந்த வடிகால் ஏற்கெனவே பாதி நிரம்பியிருக்கும். சாலையோரம் நீர் உள்ளே இறங்குவதற்கு வைத்திருக்கும் கம்பி வலையையும் பாருங்கள். பல தெருக்களில் தார் போட்டவர்கள் அதன் வாயிலேயே தாரை ஊற்றி மூடிவிட்டுப் போயிருக்கிறார்கள். இந்த இரண்டையும் படம் எடுத்து, இடத்தைக் குறிப்பிட்டுக் கோடையிலேயே புகார் கொடுங்கள். தண்ணீர் தேங்கிய பிறகு கொடுக்கும் புகாருக்குக் கிடைப்பது மோட்டார் பம்பு மட்டுமே.

புதிதாகப் போட்ட சாலையை ஏன் உடனே தோண்டுகிறார்கள்?

சாலையைப் போடுவது ஒருவர், அதன் அடியில் குழாயும் கேபிளும் பதிப்பவர்கள் வேறு பலர் என்பதால். தோண்டுவதற்கு மாநகராட்சியிடம் சாலைவெட்டு அனுமதி பெற வேண்டும். பருவமழைக் காலத்தில் அந்த அனுமதியை நிறுத்தி வைப்பதும் வழக்கம். குடிநீர் வாரியம் அடுத்த ஆண்டு எந்தெந்தத் தெருக்களில் குழாய் மாற்றப்போகிறது என்பது அந்த வாரியத்துக்கு முன்கூட்டியே தெரியும். அந்தப் பட்டியலைப் பார்த்த பிறகே சாலை ஒப்பந்தம் விடப்பட வேண்டும் என்று, கவுன்சிலர்கள் கூடும் மன்றமான மாமன்றம் ஒரு விதியாகவே வைத்துக்கொள்ளலாம். இதற்குப் புதிய தொழில்நுட்பம் எதுவும் தேவையில்லை.

தோண்டுவதைவிட எனக்கு அதிகக் கவலை தருவது சாலையின் உயரம். பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டு அதே மட்டத்தில் புதிய சாலை போட வேண்டும் என்று 2021-இல் அன்றைய தலைமைச் செயலர் இறையன்பு அறிவுறுத்தினார். அதற்கு முந்தைய பல ஆண்டுகளில் சாலைமேல் சாலையாகப் போட்டதன் விளைவைத் திருவல்லிக்கேணியிலும் மயிலாப்பூரிலும் பழைய வீடுகளில் காணலாம். படியேறிப் போக வேண்டியிருந்த வாசல்கள் இன்று சாலைக்குக் கீழே இருக்கின்றன. வீட்டுக்காரர்கள் வாசற்படியில் செங்கல் வைத்து ஒரு சிறு தடுப்புச் சுவர் கட்டியிருக்கிறார்கள். உங்கள் தெருவில் சாலை போட வரும்போது, சுரண்டும் இயந்திரம் வந்ததா, எத்தனை அங்குலம் சுரண்டினார்கள் என்பதைக் கவனியுங்கள். ஒப்பந்தத்தில் சுரண்டுவதற்கும் சேர்த்துப் பணம் இருந்தால் அது நம் வரிப்பணம்.

மேயருக்கு உண்மையில் என்ன அதிகாரம் இருக்கிறது?

மக்கள் நினைப்பதைவிட மிகக் குறைவு. 1688-இல் தொடங்கப்பட்ட இந்த மாநகராட்சி இந்தியாவிலேயே பழமையானது. அதன் தலைமையகமான ரிப்பன் கட்டடத்தின் கம்பீரத்தைப் பார்ப்பவர்கள் நகரத்தையே ஆளும் இடம் அது என்று எண்ணுவார்கள். ஆனால் நிர்வாகத்தை நடத்தும் ஆணையர் மாநில அரசால் நியமிக்கப்படும் ஐ.ஏ.எஸ். அதிகாரி. அவரை மாற்றுவதும் மாநில அரசே.

அரசியல் சட்டத்தின் 74-ஆவது திருத்தம் 1993-இல் நடைமுறைக்கு வந்தது. நகராட்சி அமைப்புகளுக்கு அளிக்கத்தக்க 18 பணிகளை அது பட்டியலிட்டது. நகரத் திட்டமிடல், குடிநீர் வழங்கல், தீயணைப்பு ஆகியவை அதில் அடங்கும். சென்னையில் திட்டமிடல் பெருநகர வளர்ச்சிக் குழுமத்திடம் இருக்கிறது. குடிநீர் 1978 வரை மாநகராட்சியிடம் இருந்து, பிறகு தனி வாரியத்துக்குப் போனது. தீயணைப்பு மாநிலத் துறை. பேருந்து மாநகரப் போக்குவரத்துக் கழகத்துடையது. மாநகராட்சியிடம் எஞ்சியிருப்பவை உட்புறச் சாலைகள், தெருவிளக்கு, வடிகால், குப்பை, பூங்கா, மாநகராட்சிப் பள்ளிகள், நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்கள், பிறப்பு இறப்புச் சான்றிதழ், சொத்து வரி, அம்மா உணவகங்கள் போன்றவை.

மேயரைத் தேர்ந்தெடுக்கும் முறையும் ஆட்சிக்கு ஆட்சி மாறியிருக்கிறது. 1996, 2001, 2011 ஆகிய ஆண்டுகளில் மக்கள் நேரடியாக வாக்களித்தனர். 2006-இலும் 2022-இலும் கவுன்சிலர்கள் தேர்ந்தெடுத்தனர். என் விருப்பம் நேரடித் தேர்தல். மக்கள் ஒரு நபரின் பெயரைப் பார்த்து வாக்களித்திருந்தால், அவர் அரசிடம் போய் நகரத்துக்காக வாதாடும்போது அந்தப் பேச்சுக்கு ஒரு வலு இருக்கும். நேரடியாகத் தேர்வான மேயருக்கும் மாமன்றப் பெரும்பான்மைக்கும் இடையே மோதல் வரலாம் என்ற எதிர்வாதத்தை நான் மதிக்கிறேன். ஆனால் ஆளுங்கட்சிக்கு எந்த முறை வசதியோ அந்த முறைக்குச் சட்டத்தை மாற்றுவதை ஏற்க முடியவில்லை.

தேர்தல் நடக்காத ஆண்டுகளைப் பற்றி நீங்கள் அடிக்கடி பேசுவது ஏன்?

இந்த நகரத்தின் அரசியலில் இதைவிடப் பெரிய செய்தி இல்லை என்று நான் கருதுவதால். வேலை செய்யாதவர்களின் பெயரில் கூலி எடுத்த வருகைப் பதிவேட்டு ஊழல் வெடித்து 1973-இல் மாநகராட்சி மன்றம் கலைக்கப்பட்டது. அடுத்த தேர்தல் 1996-இல்தான் நடந்தது. இடையில் 23 ஆண்டுகள் அரசு நியமித்த தனி அலுவலர்களே நகரத்தை நடத்தினார்கள். தவறு செய்தவர்களைத் தண்டிக்க வேண்டிய இடத்தில் ஒரு தலைமுறையின் வாக்குரிமை பறிபோனது. 1973-இல் பிறந்த குழந்தை கல்லூரி முடித்து வேலைக்குப் போன பிறகே தன் வார்டுக்கு ஒரு கவுன்சிலரைப் பார்த்தது.

அதற்குப் பிறகும் நாம் பாடம் கற்கவில்லை. 2011-இல் தேர்வான மன்றத்தின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அந்த மாதம் நடக்கவிருந்த தேர்தலின் அறிவிக்கையைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. இட ஒதுக்கீடு, வார்டு மறுவரையறை என்று ஒவ்வொரு காரணமாக வந்து, வாக்குப்பதிவு 2022 பிப்ரவரி 19 அன்றுதான் நடந்தது. காலம் முடிவதற்குள் தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 243யு பிரிவு தெளிவாகச் சொல்லியும் ஐந்தாண்டுகளுக்கு மேல் நகரம் மன்றமில்லாமல் இருந்தது.

அந்த ஆண்டுகளில் என்னவெல்லாம் நடந்தன என்று எண்ணிப் பாருங்கள். 2018-இல் சொத்து வரி உயர்த்தப்பட்டு அடுத்த ஆண்டு நிறுத்தி வைக்கப்பட்டது. 2019 கோடையில் ஏரிகள் வற்றி, லாரித் தண்ணீருக்குக் குடங்கள் வரிசையில் நின்றன. 2020-இல் கொரோனா வந்து, தெருக்களுக்குத் தகரம் அடித்தார்கள். இந்த மூன்று வேளையிலும், பக்கத்துத் தெருவில் குடியிருக்கும், கதவைத் தட்டிக் கேட்கக்கூடிய ஒரு மக்கள் பிரதிநிதி சென்னையின் 200 வார்டுகளில் ஒன்றில்கூட இல்லை. 1973-ஐத் தொடர்ந்த ஐம்பது ஆண்டுகளில் பாதிக்கு மேல் சென்னைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லாமலே கழிந்தது.

ஆகவே, ‘உள்ளாட்சித் தேர்தல் தள்ளிப்போக வாய்ப்பு’ என்று உள்பக்கத்தில் ஒரு சிறு செய்தி வந்தால், அதை முதல் பக்கச் செய்தியாக எண்ணிப் படியுங்கள். ஆளுங்கட்சி எது என்பதைப் பொறுத்து இதில் என் கருத்து மாறாது. இரண்டு பெரிய கட்சிகளின் ஆட்சியிலும் இந்த இடைவெளி இருந்திருக்கிறது.

கவுன்சிலரிடம் எதை எதிர்பார்ப்பது நியாயம்?

மாமன்ற உறுப்பினருக்கு மாதம் 10,000 ரூபாய் மதிப்பூதியம் 2023-இல்தான் அறிவிக்கப்பட்டது. வார்டு மேம்பாட்டு நிதி படிப்படியாக உயர்ந்து 2024-25-இல் 50 லட்சம் ரூபாய் ஆனது. முப்பதாயிரம் பேர் வாழும் இடத்துக்கு இது பெரிய தொகை ஆகாது. ஆயினும் அந்தத் தொகை எந்தத் தெருவில் எதற்குச் செலவானது என்பதை ஒரு தாளில் எழுதி வார்டு அலுவலக வாசலில் ஒட்டும்படி கேட்பது நம் உரிமை.

அவரிடமிருந்து நான் எதிர்பார்ப்பது இரண்டு. மாநகராட்சி உதவிப் பொறியாளரையும் குடிநீர் வாரியப் பொறியாளரையும் ஒரே நேரத்தில் ஒரே தெருவில் நிறுத்திப் பேச வைப்பது. மாமன்றத்தில் தன் வார்டின் பிரச்சினையைக் கேள்வியாக எழுப்பிப் பதிலைப் பதிவில் ஏற்றுவது. திருமணத்துக்கும் காதுகுத்துக்கும் வருவதை நான் கணக்கில் சேர்ப்பதில்லை.

பெண்களுக்கு 50 விழுக்காடு இட ஒதுக்கீடு தந்த சட்டத்தால், 2022-இல் மாமன்றத்தில் பெண்கள் பாதிக்கு மேல் அமர்ந்தார்கள். அந்த ஆண்டு 28 வயதில் மேயரான ஆர். பிரியா, தாரா செரியன், காமாட்சி ஜெயராமன் ஆகியோருக்குப் பிறகு மூன்றாவது பெண் மேயர். சென்னையின் முதல் தலித் பெண் மேயரும் அவரே. இந்த மாற்றத்தைக் கெடுக்கும் பழக்கம் ஒன்று பல வார்டுகளில் இருக்கிறது. தேர்ந்தெடுக்கப்பட்டவர் மனைவி, ஆய்வுக்குப் போவதும், அதிகாரியைக் கூப்பிட்டுப் பேசுவதும் கணவர். இதற்கு நாமும் காரணமாகிவிடுகிறோம். கவுன்சிலர் அம்மாவின் எண்ணைக் கேட்காமல் ‘அண்ணனைப் பார்த்தால் வேலை நடக்கும்’ என்று போகிறவர்கள் நாம்தானே. மனுவை அவர் கையில் கொடுங்கள், பதிலையும் அவரிடமே கேளுங்கள்.

மாமன்றக் கூட்டச் செய்தியில் கவனிக்க வேண்டியது எது?

வெளிநடப்பும் வாக்குவாதமும் தலைப்பில் வரும். தீர்மானங்கள் கடைசிப் பத்தியில் ‘மொத்தம் இத்தனை தீர்மானங்கள் நிறைவேற்றப்பட்டன’ என்று முடிந்துவிடும். அந்தக் கடைசிப் பத்தியில்தான் நகரத்தின் அடுத்த சில ஆண்டுகள் இருக்கின்றன. எந்தப் பணி தனியாருக்குப் போகிறது, எந்த ஒப்பந்தம் நீட்டிக்கப்படுகிறது, எந்தக் கட்டணம் உயர்கிறது என்பதையெல்லாம் முடிவு செய்வது தீர்மானங்களே. அவை பெரும்பாலும் விவாதமின்றி மொத்தமாக நிறைவேறுகின்றன. 2022 தேர்தலில் 200 இடங்களில் 153-ஐ ஒரே கட்சி வென்ற மன்றத்தில், எதிர்க்கட்சியின் கேள்வியைவிட ஆளுங்கட்சிக் கவுன்சிலரின் கேள்விக்குத்தான் பயன் அதிகம். அப்படிக் கேட்பவர்களை, கட்சி பார்க்காமல், செய்தியாளர்கள் பெயர் சொல்லி எழுத வேண்டும்.

பகுதி சபா என்பது என்ன? போய்ப் பயன் உண்டா?

கிராமங்களில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு நாள்கள் கூடுகிறது. நகரத்தில் அப்படி எதுவும் இல்லாதிருந்த குறையைப் போக்க, 2022-இல் வார்டு குழு, பகுதி சபா விதிகள் வந்தன. அந்த ஆண்டு நவம்பர் 1 அன்று முதல் கூட்டங்கள் நடந்தன. ஒவ்வொரு வார்டும் சிறு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, அந்தப் பகுதியின் வாக்காளர்கள் கூடிப் பேச வழி செய்யப்பட்டது. நல்ல ஏற்பாடு என்று மனதார வரவேற்றேன்.

குறை என்னவென்றால், வார்டு குழுவில் பகுதிகளைப் பிரதிநிதித்துவம் செய்பவர்களை மக்கள் தேர்ந்தெடுப்பதில்லை, அவர்கள் நியமிக்கப்படுகிறார்கள். அதனால் பல இடங்களில் கட்சிக்காரர்களே வந்து அமர்கிறார்கள். கூட்டம் எந்த நாள், எந்த இடம் என்ற அறிவிப்பும் முந்தைய நாள் மாலையில் கைப்பேசியில் வந்தால் வேலைக்குப் போகிறவர் எப்படி வருவார்? இருந்தாலும் போங்கள். நீங்கள் சொன்ன கோரிக்கை நடவடிக்கைக் குறிப்பேட்டில் எழுதப்படுகிறதா என்று நின்று பார்த்துவிட்டு வாருங்கள்.

சொத்து வரி உயர்வை ஆதரிக்கிறீர்களா?

உயர்வை ஆதரிக்கிறேன், அது வந்த வழியை ஏற்கவில்லை. 2011 விரிவாக்கத்துக்கு முந்தைய பழைய சென்னைப் பகுதியில் 1998-க்குப் பிறகு நிலைத்து நின்ற பொதுச் சீராய்வு எதுவும் இல்லை. இத்தனை ஆண்டுகளில் மனை விலையும் வாடகையும் எங்கோ போய்விட்டன. வருவாய் இல்லாத மாநகராட்சி, அரசின் மானியத்துக்கும் உலக வங்கிக் கடனுக்கும் காத்திருக்கும். காத்திருப்பவர் எதிர்த்துப் பேச முடியாது. எனவே வரி கட்டுகிற நகரம்தான் உரிமையும் கேட்க முடியும் என்று நம்புகிறேன்.

ஆனால் 2022-இல் நடந்ததைப் பாருங்கள். புதிய மேயர் மார்ச் 4 அன்று பதவியேற்றார். ஏப்ரல் தொடக்கத்திலேயே மாநிலம் முழுவதற்குமான உயர்வை அரசு அறிவித்துவிட்டது. பழைய சென்னைப் பகுதியில் 600 சதுர அடி வரையிலான வீடுகளுக்கு 50 விழுக்காடு, 1,800 சதுர அடிக்கு மேற்பட்டவற்றுக்கு 150 விழுக்காடு என்று அளவும் முடிவாகிவிட்டது. மத்திய அரசின் 15-ஆவது நிதிக் குழு பரிந்துரைத்த மானியத்தைப் பெற வரிச் சீராய்வு நிபந்தனை என்பது காரணமாகச் சொல்லப்பட்டது. அது உண்மையான காரணமே. எனினும் ஐந்தாண்டு காத்திருந்து தேர்ந்தெடுத்த மன்றம், தன் முதல் பெரிய முடிவை எடுப்பதற்கு முன்பே அது வேறிடத்தில் எடுக்கப்பட்டுவிட்டது. 2024 செப்டம்பரில் 6 விழுக்காடு உயர்வுக்கான தீர்மானம் மாமன்றத்தில் நிறைவேறியது. இனி ஒவ்வொரு உயர்வின்போதும், அந்தந்த மண்டலத்தில் வசூலான வரி எவ்வளவு, அங்கே செலவானது எவ்வளவு என்ற கணக்கை ரசீதோடு சேர்த்து அனுப்பட்டும்.

குப்பை அள்ளுவதைத் தனியாரிடம் கொடுப்பதில் உங்கள் நிலைப்பாடு என்ன?

சென்னை 2000-ஆம் ஆண்டில் ஓனிக்ஸ் நிறுவனத்தோடு இதைத் தொடங்கியது. அதன்பின் நிறுவனங்கள் மாறின, வண்டிகளின் நிறம் மாறியது. நான் பார்த்தவரை, தெருவைச் சுத்தமாக வைத்திருந்தது ஒப்பந்தத்தின் பெயர் அன்று; நாள்தோறும் அதே தெருவுக்கு வரும் அதே ஆள். எந்த வீட்டில் முதியவர் மாடியிலிருந்து இறங்க முடியாது, எந்த மூலையில் இரவில் யார் மூட்டை போடுகிறார்கள் என்பதெல்லாம் அந்த ஒருவருக்குத் தெரியும்.

2025-இல் இராயபுரம், திரு.வி.க. நகர் ஆகிய இரண்டு மண்டலங்களின் தூய்மைப் பணி தனியாருக்குக் கொடுக்கப்பட்டது. ஆண்டுக்கணக்கில் தற்காலிகமாகவே பணியாற்றி வந்த தொழிலாளர்கள், பணி நிரந்தரமும் பழைய ஊதியமும் கேட்டு ஆகஸ்ட் 1 முதல் ரிப்பன் கட்டட வாசலில் அமர்ந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். நடைபாதையை விட்டு அகற்ற உயர் நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகு, ஆகஸ்ட் 13 நள்ளிரவில் காவல் துறை அவர்களைக் கைது செய்து கொண்டுபோனது. காலை உணவு உள்ளிட்ட நலத்திட்டங்களை அரசு மறுநாள் அறிவித்தது.

நலத்திட்டங்கள் வரவேற்கத்தக்கவை. கேட்கப்பட்டது வேறு. கொரோனா நாள்களில் நாம் கைதட்டி நன்றி சொன்ன இவர்களுக்கு, கையெழுத்திட்ட ஒரு பணி நியமன ஆணையும், குறையாத சம்பளமும் தர முடியாத நிலையில் மாநகராட்சி இருப்பதாக நான் நம்பவில்லை. செலவு அதிகம் என்பார்கள். அப்படியானால் நிறுவனத்துக்கு ஒரு டன்னுக்குக் கொடுக்கும் தொகையையும், அதே வேலையை நேரடியாகச் செய்தால் ஆகும் தொகையையும் அருகருகே வைத்து மாமன்றத்தில் விவாதித்திருக்கலாம். அந்த விவாதத்தைக் கேட்கும் உரிமை வரி கட்டுபவருக்கு உண்டு.

கொடுங்கையூரையும் இதோடு சேர்த்தே பேச வேண்டும். பல பத்தாண்டுகளாக நகரத்தின் குப்பையைச் சுமக்கும் அந்தப் பகுதியில், குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலை வேண்டாம் என்று 2025-இல் மக்கள் மனிதச் சங்கிலியாக நின்றார்கள். மணலி சுத்திகரிப்பு ஆலையும் எண்ணூர் அனல்மின் நிலையங்களும் ஏற்கெனவே வடசென்னையில்தான் இருக்கின்றன. 2023 டிசம்பர் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவி, மீனவர்களின் படகும் வலையும் பாழாயின. நகரம் முழுவதும் உண்டாக்கும் குப்பையை அந்தந்த மண்டலத்திலேயே பிரித்து உரமாக்குவதற்கு முழு முயற்சி எடுக்காமல், மீண்டும் வடக்கே ஓர் ஆலையைக் கொண்டுபோவது அநீதி. தென்சென்னையில் வசிக்கும் நான் இதைச் சொல்வது என் கடமை என்று நினைக்கிறேன்.

நடைபாதைக் கடைகளை அகற்றும் செய்தி வரும்போது மகிழ்வதா, வருந்துவதா?

தெருவோர வியாபாரிகள் சட்டம் 2014 முதல் இருக்கிறது. அந்தச் சட்டப்படி அமைக்க வேண்டிய நகர விற்பனைக் குழு கூடி, விற்பனைக்கான இடங்களைக் குறித்த பிறகு அகற்றினார்களா என்று செய்தியில் தேடுங்கள். இல்லையென்றால் அதே கடை அதே இடத்துக்குத் திரும்ப வரும்.

நான் மேடவாக்கத்தில் இருக்கிறேன். என் கவுன்சிலர் யார்?

உங்களுக்கு மாநகராட்சிக் கவுன்சிலர் கிடையாது. மேடவாக்கமும் பெரும்பாக்கமும் சென்னை மாநகராட்சி எல்லைக்கு வெளியே உள்ளவை. அடுக்குமாடிகள் நிறைந்த இப்பகுதிகளை ஊராட்சி அமைப்பைக் கொண்டு நிர்வகிக்க முடியாது என்பது என் கருத்து. எல்லையை விரிப்பதாக இருந்தால், புதிய மக்களுக்குப் புதிய வார்டுகளும் அவற்றுக்கான தேர்தலும் உடனே வர வேண்டும்.

கட்சி பார்த்து வாக்களிப்பது தவறா?

தவறில்லை. வாக்களிக்காமல் இருப்பதுதான் என்னை வருத்துகிறது. 2022-இல் மாநிலம் முழுவதும் நகர்ப்புறங்களில் 60 விழுக்காட்டுக்கு மேல் வாக்குப் பதிவானபோது, சென்னையில் 44 விழுக்காட்டைக்கூட எட்டவில்லை. அதற்குப் பத்து மாதங்களுக்கு முன் சட்டமன்றத் தேர்தலில் இதே நகரம் 59 விழுக்காட்டை ஒட்டி வாக்களித்திருந்தது. ஐந்தாண்டு தேர்தலே இல்லாமல் இருந்ததில், வார்டு எண்ணே பலருக்கு மறந்துபோயிருந்தது. வேட்பாளர் உங்கள் கட்சிக்காரராகவே இருக்கட்டும். வாக்குக் கேட்டு வரும்போது, மண்டல அலுவலகம் எங்கே இருக்கிறது, நம் தெருவின் மழைநீர் எந்தக் கால்வாய்க்குப் போகிறது என்று கேளுங்கள்.

புகார் கொடுத்தால் நடவடிக்கை உண்டா?

சரியான இடத்தில், சரியான விவரத்தோடு கொடுத்தால் பெரும்பாலும் உண்டு. குப்பை, தெருவிளக்கு, மழைநீர் வடிகால், சாலைப் பள்ளம் ஆகியவற்றுக்கு மாநகராட்சியின் 1913. சாக்கடை பொங்கினாலும் குடிநீரில் நாற்றம் வந்தாலும் குடிநீர் வாரியத்தின் 1916. மின்சாரத்துக்கு மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம். கம்ப எண், கதவு எண், அருகிலுள்ள கடை ஆகியவற்றைச் சொல்லுங்கள். புகார் எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ‘சரிசெய்யப்பட்டது’ என்று குறுஞ்செய்தி வந்து, தெருவில் எதுவும் மாறாமல் இருந்தால், அன்றைய தேதி தெரியும்படி படம் எடுத்து அதே எண்ணைக் குறிப்பிட்டு மீண்டும் பதியுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடலாம். புகாரை முடித்து வைத்த அலுவலரின் பதவி, முடித்த தேதி, செய்த பணி என்ற மூன்றை மட்டும் கேட்டால் போதும். நாளிதழுக்கு எழுதுவதாக இருந்தால் அந்தப் பதிலையும் இணைத்து அனுப்புங்கள். ‘சம்பந்தப்பட்ட அதிகாரிகள்’ என்று எழுதும் இடத்தில் பதவியின் பெயரைப் போட அவர்களுக்கு அது உதவும்.